அடிக்குறிப்பில் அப்பாவின் பெயர்

இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர், அமெரிக்காவில் ஒரு பேராசிரியர். இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் முதல் பக்கத்தில், நட்சத்திரக் குறிக்குக் கீழே, பொடி எழுத்தில் எனக்கு ஒரு நன்றி இருக்கிறது. கள உதவிக்காக என்று போட்டு என் பெயர். என் பெயர் என்றா சொன்னேன்? என் பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு அப்பாவின் பெயர் முழுதாக. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. மின்னஞ்சல் கணக்கு தொடங்கியபோது 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டவளும் நான்தான். ஆக, பன்னாட்டு நிதி ஆய்வுக்கு உதவியதற்காக, இறந்து ஆறு வருடமாகியிருந்த ஓர் அரசுப் பேருந்து நடத்துநருக்கு அந்தக் கட்டுரை நன்றி சொல்கிறது. அப்பா இருந்திருந்தால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டியிருப்பார். எனக்கு யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

இதை ஒரு மனக்குறையாக மட்டும் எழுதினால் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். கடல் தாண்டிக் கைகோத்து எழுதப்படும் நிதி ஆய்வுகளைப் பத்து வருடமாக வாசித்தும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அவற்றில் சிலவற்றை நேசிக்கவும் செய்கிறேன். அந்த நேசத்தோடு சேர்த்தே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. டாலர் உலகத்தை எப்படி ஆள்கிறது என்று இவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடித்தவர்களின் கணக்கேட்டில் ஏன் சில பேருக்கு வரியே இல்லை?

முதலில் என் கதையின் பின்புலம். 2013 மே 22 அன்று அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பென் பெர்னான்கி, மாதாமாதம் பத்திரங்கள் வாங்கிப் பணத்தைப் புழக்கத்தில் விடும் திட்டத்தை இனி மெல்லக் குறைக்கலாம் என்று தங்கள் நாட்டு நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். குறைக்கவில்லை. குறைக்கலாம் என்றார், அவ்வளவுதான். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்காவிலிருந்து முதலீட்டுப் பணம் வெளியேறியது. மே மாதம் டாலருக்கு 55 ரூபாய் என்ற அளவில் இருந்த மதிப்பு ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டிச் சரிந்தது. இந்தியாவின் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை அதற்கு முந்தைய நிதியாண்டில் உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதமாக இருந்தது. பழி எதன் மேல் விழுந்தது? கச்சா எண்ணெய், அடுத்தபடியாகத் தங்கம். ஜனவரியில் 4 சதவீதமாக இருந்த தங்க இறக்குமதி வரி 6 ஆகி, 8 ஆகி, ஆகஸ்டில் 10 ஆனது. தங்கம் வாங்காதீர்கள் என்று நிதியமைச்சர் ப. சிதம்பரம் மக்களிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்.

அந்த ஏப்ரலில்தான் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை இரண்டே நாளில் மடமடவென்று இறங்கியிருந்தது. விலை இறங்கினால் வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அடகு வைத்தவர்களுக்கு? நகையின் மதிப்பு கடனுக்கும் வட்டிக்கும் கீழே போய்விட்டால் மேற்கொண்டு பணம் கட்டு என்பார்கள், இல்லாவிட்டால் ஏலம். ஆக அந்த ஒரே வருடத்தில் பெண்களின் தங்கம் மூன்று விதமாக அடிபட்டது. வாங்கினால் தேசத்துரோகம், வைத்திருந்தால் மதிப்பிழப்பு, அடகில் இருந்தால் ஏலம்.

நாணயம் சரியும்போது வீடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று அறிய விரும்பிய இரு பேராசிரியர்களுக்காக, என் நெறியாளர் வழியாக, நான் ஊர் ஊராகப் போனேன். அவர்கள் அனுப்பிய கேள்வித்தாளில் முதல் கேள்வியே 'குடும்பத் தலைவர் பெயர்'. பதினோராவது கேள்வி: சொத்து எதையும் விற்றீர்களா, ஆம், இல்லை. யாரும் விற்கவில்லை. அத்தனை பேரும் 'இல்லை'. கேள்வித்தாளை நம்பினால், எங்கள் பகுதியில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வரவில்லை.

நகையை யாரம்மா விற்பார்கள்? வைப்பார்கள். ஒன்றை வைத்து ஒன்றை மீட்பார்கள். பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த வளையலை மீட்க முடியாமல், வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். கடைசியில் ஒருநாள் அது மூழ்கிப் போகும். 'மூழ்கிடுச்சு' என்று சொல்லும்போது அந்தப் பெண்களின் குரல் எப்படி இறங்கும் என்பதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வைப்பது, மீட்பது, திருப்பி வைப்பது, மூழ்குவது, இவற்றில் கணவனுக்குத் தெரிந்து நடப்பது எது, தெரியாமல் நடப்பது எது, மாமியார் நகைக்கும் சீராக வந்த நகைக்கும் என்ன வித்தியாசம். கேள்வித்தாள் மாற்றப்பட்டது. கட்டுரை வந்தபோது அந்த நான்கு பக்கமும் ஒரு தனிப் பகுதியாகவே அதில் இருந்தது, நல்ல ஆங்கிலத்தில். நான் அடிக்குறிப்பில் இருந்தேன், அப்பாவாக.

கள உதவி என்பது இந்தத் துறையில் ஒரு வேலை. கருத்து என்பது வேறொரு வேலை. வேலையைப் பிரித்தவர் யார் என்று கேட்டால் யாரும் இல்லை, அது வழக்கம். வழக்கம் என்ற சொல்லை நாம் வீட்டிலும் நிறையக் கேட்டிருக்கிறோம்.

பொருளாதாரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. இணைந்து எழுதினால் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் போடுவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்ற சண்டையே வராது, எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று மாணவியாக இருந்தபோது நினைத்தேன். லிரான் ஐனாவ், லீயட் யாரிவ் இருவரும் 2006-இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த மயக்கத்தைத் தெளிவித்தது. குடும்பப்பெயர் அகரவரிசையில் முன்னால் வருகிறவர்களுக்கு அமெரிக்காவின் தலைசிறந்த பொருளாதாரத் துறைகளில் நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது என்று அவர்கள் காட்டினார்கள். பெயரைப் பங்களிப்பின்படி வரிசைப்படுத்தும் உளவியல் துறையில் அப்படி இல்லை. குடும்பப்பெயர் என்பது பெரும்பாலான இடங்களில் தந்தையின் பெயர், அல்லது கணவனின் பெயர். அறிவுக்குக் கிடைக்கும் மதிப்பு தந்தைவழி எழுத்தால் தீர்மானிக்கப்படுவதை ஒரு புள்ளியியல் அட்டவணையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதைவிடக் கூர்மையான அடி ஹெதர் சார்சன்ஸுடையது. நிரந்தரப் பணிக்காகக் காத்திருந்த பொருளாதார அறிஞர்களின் வெளியீடுகளைத் திரட்டிப் பார்த்தார். தனியாக எழுதிய கட்டுரைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பு. சேர்ந்து எழுதியதற்கு ஆணுக்குக் கிடைக்கும் மதிப்பு பெண்ணுக்குக் கிடைப்பதில்லை, அதுவும் ஆண்களோடு சேர்ந்து எழுதினால். யார் செய்தது என்று தெரியாத இடத்தில், 'அவர்தான் செய்திருப்பார்' என்று பார்க்கிறவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். இந்த ஆய்வின் முதல் வடிவத்தில், இது வேண்டுமென்றே தனியாக எழுதப்பட்டது என்று சார்சன்ஸ் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். அடிக்குறிப்பை அப்படிக்கூடப் பயன்படுத்தலாம் என்பதை அன்று கற்றேன். அதே ஆய்வு வளர்ந்து 2021-இல் வெளிவந்தபோது அது கூட்டுப்படைப்பு. இணை ஆசிரியர்களில் ஐரோப்பாவில் வேலை பார்த்த கிளாரிட்டா கெர்ஜானியும் ஆர்தர் ஷ்ராமும் உண்டு. பெயர் வரிசையைப் பாருங்கள்: சார்சன்ஸ் முதலில், பிறகு மற்ற மூவரும் அகரவரிசையில். விதியை எங்கே உடைக்க வேண்டுமோ அங்கே உடைத்திருக்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு பன்னாட்டு நிதித்துறையின் மிகப் புகழ்பெற்ற கூட்டணி ஒன்றை வாசிக்கலாம். பியேர்-ஒலிவியே கூரின்ஷா, எலென் ரே. இருவரும் பிரான்ஸில் பிறந்தவர்கள். இருவரும் ஒரு காலத்தில் பிரின்ஸ்டனில் பாடம் நடத்தியவர்கள். பிறகு அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், இவர் 2007 முதல் லண்டன் பிசினஸ் ஸ்கூலில். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் அமர்ந்து அமெரிக்காவின் வெளிநாட்டுக் கணக்கைப் பிரித்துப் படித்தார்கள். 2007-இல் வந்த அவர்களின் கட்டுரைத் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'உலகின் வங்கியாளரிலிருந்து உலகின் துணிகர முதலீட்டாளர்வரை'. ஜி எழுத்து முன்னால், ஆர் பின்னால். எனவே எப்போதும் கூரின்ஷா-ரே.

அவர்கள் கண்டதை என் மாணவிகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். ஊரில் ஒருவர் எல்லாரிடமும் குறைந்த வட்டிக்குப் பணம் வாங்கி வைத்துக்கொள்கிறார். 'அவரிடம் கொடுத்தால் பத்திரம்' என்ற நம்பிக்கையில் எல்லாரும் கொடுக்கிறார்கள். அவரோ அதை எடுத்து, அதிக லாபம் தரும், கொஞ்சம் ஆபத்தான தொழில்களில் போடுகிறார். வித்தியாசம் அவருக்கு. அமெரிக்கா உலகத்திடம் கடன் பத்திரங்கள் கொடுத்துப் பணம் வாங்குகிறது, உலகமெங்கும் நிறுவனங்களிலும் பங்குகளிலும் முதலீடு செய்கிறது. 1952 முதல் 2004 வரையான கணக்கில் இந்த வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதப் புள்ளி. 1960-களில் பிரான்ஸின் நிதியமைச்சராக இருந்த ஜிஸ்கார் தெஸ்தாங் இதைத்தான் மிதமிஞ்சிய சலுகை என்று எரிச்சலோடு அழைத்தார்.

அடுத்து அவர்கள் வைத்த சொல்தான் என்னை நிறுத்தியது: மிதமிஞ்சிய கடமை. 2008 நெருக்கடியில் அமெரிக்காவின் வெளிநாட்டு முதலீடுகள் மதிப்பிழந்தன. உலகம் கையில் வைத்திருந்த அமெரிக்கப் பத்திரங்களோ மதிப்பிழக்கவில்லை. அதாவது அமெரிக்காவிடமிருந்து உலகத்துக்குப் பெருஞ்செல்வம் கைமாறியது. இதை அவர்கள் காப்பீடு என்று படிக்கிறார்கள். நல்ல காலத்தில் உலகம் பிரீமியம் கட்டுகிறது, கெட்ட காலத்தில் அமெரிக்கா இழப்பீடு தருகிறது. கணக்காக இது மிக அழகு. சலுகையை மட்டும் பார்த்து வசைபாடிக்கொண்டிருந்தவர்களை வாயடைக்க வைத்த வாசிப்பு.

என் இடறல் இங்கேதான். காப்பீடு என்றால் பயனாளி யார் என்று பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். இழப்பீடு யார் கைக்கு வந்தது? பத்திரம் வைத்திருந்தவர்கள் கைக்கு. மத்திய வங்கிகள், நிதியங்கள், பணக்காரர்கள். 'உலகம்' என்று அந்தச் சமன்பாட்டில் ஒற்றை எழுத்தாக நிற்பது இவர்கள்தான். அந்த எழுத்துக்குள் நகை மூழ்கிப்போன ஒருத்தி இருக்கிறாளா? கட்டுரை அதைச் சொல்லவில்லை, சொல்வதாக வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஒரு நாட்டின் கணக்கைப் பார்க்கிறவர் ஒரு வீட்டின் கணக்கைப் பார்க்கவில்லை என்று குறை சொல்வது நியாயமா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. என் பதில் இது: வங்கியாளர், கடமை, காப்பீடு எல்லாமே வீட்டிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் எடுத்த சொற்கள். உருவகத்தை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வீட்டை வெளியே நிறுத்தினால் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. அந்தப் பெண் ஏன் தங்கம் வைத்திருக்கிறாள்? அதிலிருந்து வட்டி வராது, அவளுக்கும் தெரியும். கஷ்டகாலத்தில் யாரிடமும் கையேந்தாமல் காசாக்க முடியும், அதனால் வைத்திருக்கிறாள். ரிசர்வ் வங்கி ஏன் குறைந்த வருமானம் தரும் டாலர் பத்திரங்களை மலையாகக் குவிக்கிறது? அதே காரணம். ரிசர்வ் வங்கி செய்தால் அதற்குப் பெயர் முன்ஜாக்கிரதை. கூரின்ஷாவும் ரேயும் விளக்கும் பாதுகாப்பான சொத்துக்கான தேவை. அவள் செய்தால் நகை மோகம். 2009 நவம்பரில் பன்னாட்டு நிதியத்திடமிருந்து இதே ரிசர்வ் வங்கி 200 டன் தங்கம் வாங்கியது. அதை மோகம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான்கு வருடம் கழித்து, நாட்டின் பற்றாக்குறைக்குக் காரணம் பெண்களின் கழுத்து என்றார்கள்.

ரே தனியாக எழுதியதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எனக்கு மொழி கொடுத்ததே அதுதான். 2013 ஆகஸ்ட் 22 முதல் 24 வரை, ரூபாய் அதலபாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த அதே வாரத்தில், அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் என்ற மலையூரில் மத்திய வங்கியாளர்கள் கூடினார்கள். அங்கே எலென் ரே ஒரு கட்டுரை வாசித்தார். அதுவரை பாடப்புத்தகம் சொன்னது: நிலையான நாணய மாற்று விகிதம், தடையில்லாத மூலதனப் போக்குவரத்து, சுதந்திரமான வட்டிக் கொள்கை, மூன்றில் இரண்டுதான் ஒரு நாட்டுக்குக் கிடைக்கும். நாணயத்தை மிதக்க விட்டால் மற்ற இரண்டும் உனக்கு. ரே அதை மறுத்தார். அமெரிக்காவின் பணக்கொள்கை ஓர் உலக நிதிச் சுழற்சியை ஓட்டுகிறது. நாணயத்தை மிதக்க விட்டாலும் அந்த அலை உன்னை இழுக்கும். மூலதனத்தின் வரத்தையும் போக்கையும் ஏதோ ஒரு வகையில் கட்டுப்படுத்தாமல் சுதந்திரமான கொள்கை கிடையாது. வாசலைப் பூட்டும் உரிமை இல்லாத வீட்டில் சமையலறை உன்னுடையது என்று சொல்வதில் அர்த்தமில்லை என்று நான் அதை மொழிபெயர்த்துக்கொண்டேன். மத்திய வங்கியாளர்களின் முகத்துக்கு நேரே ஒரு பெண் அதைச் சொன்னார், அதுவும் இணை ஆசிரியர் இல்லாமல். யார் யோசனை என்று யாரும் ஊகிக்க இடமில்லை.

அதற்கு முப்பது வருடம் முன்னால் இன்னொருத்தி இதேபோல விருந்துக்குப் போய் விருந்தைக் குறை சொன்னாள். சூசன் ஸ்ட்ரேஞ்ச். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தவர். 'எகனாமிஸ்ட்', 'அப்சர்வர்' இதழ்களின் செய்தியாளர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கல்வியாளராக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை என்ற பொருளில் தன்வரலாற்றுக் கட்டுரை ஒன்றுக்குத் தலைப்பு வைத்தவர். 1982-இல் அமெரிக்காவின் முன்னணி அறிஞர்கள், நாடுகளுக்கிடையிலான ஒழுங்கமைவுகள் என்ற கருத்தை மையமாக வைத்து ஓர் ஆய்விதழின் சிறப்பிதழைக் கொண்டு வந்தார்கள். கடல் தாண்டி ஸ்ட்ரேஞ்சையும் எழுத அழைத்தார்கள். அவர் எழுதியதன் தலைப்பு, எச்சரிக்கை, இங்கே டிராகன்கள் இருக்கின்றன என்று பொருள்படும் லத்தீன் தொடர். அந்தக் கருத்தே ஒரு தற்காலிக மோகம், தெளிவற்றது, சார்புடையது, அசையாதது, அரசுகளை மட்டுமே பார்ப்பது. ஐந்து டிராகன். அதையும் அதே இதழில் வெளியிட்ட அமெரிக்கர்களின் பெருந்தன்மையை மறுக்க மாட்டேன்.

ஸ்ட்ரேஞ்சுக்குக் கணிதமொழி தேவைப்படவில்லை. அமெரிக்காவின் ஆதிக்கம் சரிந்துவிட்டது என்று அமெரிக்கப் பேராசிரியர்களே புலம்பிக்கொண்டிருந்த 1987-இல், அது பொய்க்கதை என்று எழுதினார். ஒருவரை இதைச் செய் என்று கட்டாயப்படுத்துவது மட்டும் அதிகாரம் இல்லை, மற்றவர்கள் விளையாட வேண்டிய ஆட்டத்தின் விதியை வகுப்பதே பெரிய அதிகாரம். பாதுகாப்பு, உற்பத்தி, நிதி, அறிவு என்று நான்கு தூண்களை அதற்கு அவர் சொன்னார். நான்காவதைக் கவனியுங்கள். எது அறிவு, யார் அறிவாளி, எந்த வழியாக அது பரவும் என்று முடிவு செய்வதும் அதிகாரம். என் அடிக்குறிப்பை விளக்க எனக்குக் கிடைத்த மிகச் சரியான கருவி இதுதான். டாலர் எப்படி மற்ற நாணயங்களின் மதிப்பைத் தீர்மானிக்கிறதோ அப்படித்தான் அந்த ஆய்விதழ்களும். நான்கு பக்கக் கடிதம் என்பது நம் ஊர் நாணயம். அங்கே மாற்றினால்தான் செல்லும், மாற்றுகிறவர் கமிஷன் எடுத்துக்கொள்வார்.

ஆனால் ஸ்ட்ரேஞ்சின் வீட்டுக்குள்ளும் சமையலறை இல்லை. நான்கு தூண்களுக்கு அடுத்தபடியாகப் போக்குவரத்து, வணிகம், எரிசக்தி, மக்கள்நலம் என்று நான்கு துணை அமைப்புகளைச் சேர்த்தார். ஆறு பிள்ளைகளை வளர்த்தவருக்கு, அந்த உழைப்பும் உலகப் பொருளாதாரத்தின் ஓர் அமைப்பு என்று சேர்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவரை அந்த மேசைக்கு அழைத்திருப்பார்களா என்றும் எனக்குச் சந்தேகம். பெஞ்சமின் கோஹன் இந்தத் துறையின் வரலாற்றை 2008-இல் எழுதியபோது முன்னோடிகளாக ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு கௌபாய் படத்தின் பெயரால் அவர்களை அழைத்தார். ஏழு பேரில் ஒரே பெண் ஸ்ட்ரேஞ்ச். ஆங்கில அகரவரிசையில் எழுதிப் பார்த்தேன். அவர்தான் கடைசி.

சமையலறையைக் கொண்டுவந்தவர்கள் வேறு ஒரு கூட்டணி. டயான் எல்சன் இங்கிலாந்தில், துருக்கியைச் சேர்ந்த நிலுஃபர் சாகதாய் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில். 2000-இல் இருவரும் எழுதிய கட்டுரை, பேரியல் பொருளாதாரக் கொள்கைக்குள்ளேயே சமூக உள்ளடக்கம் இருக்கிறது என்று வாதிட்டது. கொள்கையை வகுத்து முடித்துவிட்டுக் கடைசியில் பெண்களுக்கென்று ஒரு நலத்திட்டத்தை ஒட்டவைப்பதை அவர்கள் ஏற்கவில்லை. சிக்கனத்தின் பக்கம் சாய்வது, சம்பாதிப்பவன் ஆண் என்று எண்ணிச் சாய்வது, எல்லாவற்றையும் சரக்காக்கும் பக்கம் சாய்வது என்று மூன்று சாய்வுகளைக் காட்டினார்கள். இதில் பெயர் வரிசை எல்சன், சாகதாய். அகரவரிசைப்படி சாகதாய்தான் முன்னால் வந்திருக்க வேண்டும். ஏன் மாறியது என்று நான் ஆராயவில்லை, வழக்கம் உடைந்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். இரண்டு வருடம் கழித்து எல்சன் தனியாக எழுதிய ஒரு கட்டுரை, பன்னாட்டு நிதிக் கட்டமைப்பைச் சமையலறையிலிருந்து பார்ப்பதாகத் தலைப்பிலேயே சொன்னது. ஆசிய நெருக்கடிக்குப் பிறகு உலக நிதிக்குப் புதிய கட்டமைப்பு வேண்டும் என்று ஆண்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நெருக்கடியின் ஆபத்து ஒவ்வொரு தளமாகக் கீழே இறக்கப்பட்டு, கடைசியில் பெண்களின் கூலியில்லா உழைப்பின் மேல் வந்து நிற்கிறது என்பது எல்சனின் வாதம். கூரின்ஷா-ரே சொல்லும் காப்பீட்டுச் சங்கிலியின் அறுந்துபோன கடைசிக் கண்ணியை இங்கே பார்க்கலாம். மறுகாப்பீடு செய்கிறவள் அவள். அவளுக்கு யாரும் பிரீமியம் கட்டுவதில்லை.

வருத்தம் என்னவென்றால் இந்த இரண்டு கூட்டணிகளும் ஒன்றையொன்று வாசிப்பதற்கான அறிகுறி குறைவு. ஒன்று நிதி வகுப்பில், மற்றொன்று பெண்ணியல் வகுப்பில். ஸ்ட்ரேஞ்ச் 1970-இல், பொருளியலும் பன்னாட்டு உறவியலும் ஒன்றையொன்று புறக்கணிப்பதைக் கண்டித்துப் பெயர் வாங்கினார். இந்தப் புறக்கணிப்பில் ஒரு பக்கம்தான் புறக்கணிக்கிறது. பெண்ணியப் பொருளியலாளர்களுக்கு மூன்றில் இரண்டு கதை தெரியாமல் முடியாது. என் நெறியாளர் நான் தலைப்பு எடுத்தபோது சொன்னதும் இதுதான்: "ஃபைனான்ஸ் உனக்கு எதுக்கும்மா, ஜெண்டர்ல ஏதாவது எடுத்துக்கோ, சீக்கிரம் முடிச்சிடலாம்." நல்ல மனதோடுதான் சொன்னார். நான் எடுத்தது ஃபைனான்ஸ்தான். அடகுக்கடைப் படிகளில் உட்கார்ந்திருந்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், கடல்கடந்த கூட்டு ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேராசிரியர்கள் இல்லாமல் எங்கள் ஊர்ப் பெண்களின் அடகு ரசீதுகள் உலக நிதியோடு சேர்த்து வாசிக்கப்பட்டிருக்காது. அவர்கள் தந்த ஊதியத்தில்தான் அம்மாவின் வளையலை மீட்டேன், அதையும் மறைக்க விரும்பவில்லை. கோபமும் நன்றியும் ஒரே ஆள் மேல் இருப்பது நமக்குப் புதிதா என்ன?

போன மாதம் என் மாணவி ஒருத்திக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நுண்கடன் வாங்கிய பெண்களிடம் கள ஆய்வு, இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. கேள்வித்தாளை மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். துறை அறையில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மொழிபெயர்ப்பு மட்டும் என்றால் இவ்வளவு கூலி, கேள்விகளை மாற்றி அமைப்பதென்றால் ஆசிரியர் பட்டியலில் பெயர், பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதும் இப்போதே எழுத்தில். அவளுக்கும் 'கடைசிப் பெயர்' கட்டம் பிரச்சினை. அப்பா பெயரைப் போடலாமா, அம்மா பெயரைப் போடலாமா, தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டால் அந்த மென்பொருள் ஏற்குமா என்று முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏற்றது. இரண்டு கட்டத்திலும் அவள் பெயர். கடிதம் இன்னும் அனுப்பவில்லை, கூலிக் கணக்கில் எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். நான் குறைவாகக் கேட்கிறேனாம்.